பாசிக்குடாவில் நல்ல தண்ணீர்

பாசிக்குடாவில் கடலில் குளித்து வருபவர்கள் உப்புப் போகக் கழுவுவதற்குக் கரையோர வீடுகளில் கிணற்றுத் தண்ணீர் தருவார்கள். அப்படியொரு வீட்டில்தான் அந்த அம்மாவைச் சந்தித்தேன். மெலிந்த தேகம், கயிறு இழுத்துக் காய்த்துப்போன கைகள். ஒவ்வொரு வாளியையும் கொடுக்குமுன் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார்.

என் குடும்பத்தார் குளித்தார்கள். சளிக்குப் பயந்து கடலில் இறங்காத நான் வாளிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"பதினேழு," என்றேன்.

"ஐயா எண்ணி முடிக்கிறத்துக்குள்ள கிணறு வத்திப்போகும்," என்று சிரித்தார். பிறகு கிட்ட வந்தார். "நீங்க கடல்ல இறங்கல்லையே? அப்ப இதக் குடிச்சுப் பார்த்துச் சொல்லுங்க. உப்புக் கரிக்குதா? எங்கட நாக்கு பழகிப்போச்சு. குளிக்க வாறவங்கட வாயெல்லாம் கடல் உப்பு. கரிச்சா நாங்களும் போறதுதான்."

அந்தக் குறுகிய ஒழுங்கையில் முன்பு பதினொரு வீடுகள் இருந்தனவாம். ஹோட்டல்கள் வந்து ஆழக் குழாய்கள் இறக்கித் தண்ணீரை உறிஞ்சிய பின், கிணறுகள் ஒவ்வொன்றாக உப்பாகிப் பத்துக் குடும்பங்கள் போய்விட்டன. இவர் வாசலிலும் வீட்டுச் சாமான்கள் நான்கு சாக்குகளில் கட்டி வைக்கப்பட்டிருந்தன.

குடித்தேன். கரித்தது.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல தண்ணிதானம்மா," என்றேன்.

"புள்ள, சாக்க அவிழ்டி! நாம போகல்ல!" என்று வீட்டுக்குள் பார்த்துக் கத்தினார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. நாங்கள் வந்த வான் புறப்பட்டபோது, "அடுத்த முறையும் வாங்க ஐயா," என்று கையசைத்தார். இறங்கிப்போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நானும் கையசைத்தேன்.