மாப்ள வளைவுல ஒரு வீரமரணம்

இன்னிக்கு நானும் எங்க வீட்டுக்காரரும் செஞ்சியில பஸ் ஏறி, சிங்கவரத்துல எங்க அம்மா வீட்டுக்குப் போனோம்.

பின் சீட்ல ரெண்டு காலேஜ் பசங்க. சுத்துவட்டாரத்துல இருக்கற இடத்துக்கெல்லாம் எப்படிப் பேர் வந்துச்சுன்னு வீடியோ எடுக்கறாங்களாம்.

கண்டக்டர் "மாப்ள வளைவு யாருனா இறங்கறீங்களா"ன்னதும் ஒரு பையன் போனைப் பார்த்துப் பேச ஆரம்பிச்சான். "கோட்டையை எதிரிப் படை சுத்தி வளைச்சப்போ, புதுசா கல்யாணமான மாப்பிள்ளை ஒருத்தர் தனியா நின்னு சண்டை போட்டு உயிரை விட்ட இடம் இது."

எங்க வீட்டுக்காரர் சட்டுனு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார்.

திரும்பாம என்ன செய்வார்? எண்பதுகள்ல எங்க தலை ஆடி விருந்துக்கு, பட்டு வேட்டி, கூலிங் கிளாஸ் சகிதம் சைக்கிள்ல வந்தவர், அந்த வளைவுல நேரா வயல் சேத்துக்குள்ள போய்ட்டார். நடவு நட்டுட்டு இருந்த பொம்பளைங்கதான் தூக்கி விட்டாங்க. பேரும் அவங்க வெச்சதுதான்.

அந்தப் பையன் முன்னாடி குனிஞ்சு, "சார், நீங்க கேள்விப்பட்டிருக்கீங்களா?"ன்னு இவரையே கேட்டான்.

இவர் தொண்டையைச் செருமிக்கிட்டு, "குதிரையில வந்தாருன்னு சொல்லுவாங்க தம்பி"ன்னார்.

நான் அவர் காதுகிட்டப் போய், "குதிரைக்கு பெல் இருந்துச்சே, அதையும் சொல்லுங்க"ன்னேன்.

வீரவணக்கம் சொல்றவங்க கமெண்ட்ல சொல்லிட்டுப் போங்க. உயிரை விட்டவர் இப்போ கூடத்துல உட்கார்ந்து, தோசை இன்னா ஆச்சுன்னு கேட்டுட்டு இருக்கார்.