கத்தரிப்பூ நிறத் தண்ணீர்

அந்த வருஷத்துச் சாரலை நினைத்தால் எனக்கு முதலில் தோன்றுவது ஒரு நிறம்தான். கத்தரிப்பூ நிறம். மலையை மேகம் மூடிக்கொண்டிருந்தது. தேவாரம் ஊரிலிருந்து வரும் மாட்டு வண்டிகள் புகைக்குள்ளிருந்து முளைப்பது போல வந்தன. அந்த மங்கலில் எது நடந்தது, எது நான் தூக்கத்தில் கண்டது என்று இப்போது பிரித்துச் சொல்ல வரவில்லை. ஆனால் ஏழு வயதுச் சிறுமியாக நான் எங்கள் ஊரை ஆண்டேன் என்பது மட்டும் நிஜம்.

அப்பா பஞ்சாயத்து போர்டு பிரசிடெண்ட். அம்மாவின் அண்ணனான மாமா வைஸ் பிரசிடெண்ட். தேர்தலில் எதிரெதிராக நின்று, ஒருவரை ஒருவர் வாய்க்கு வந்தபடி ஏசி, கடைசியில் ஒரே மேஜைக்கு வந்து சேர்ந்தவர்கள். உட்கார்ந்தார்களே தவிர, பேச்சு வார்த்தை கிடையாது. வடக்குத் தெருவிலிருந்த பிறந்த வீட்டுக்கு அம்மா போயே இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

பேசாதவர்கள் ஊரை நடத்த எங்கள் பக்கத்தில் ஒரு வழி உண்டு. நடுவில் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு, அதனிடம் சொல்வது போல மற்றவருக்குச் சொல்வார்கள். போர்டு கிளார்க்கிடம் சொன்னால் கூட்ட நடவடிக்கை எழுதும் மினிட் புத்தகத்தில் ஏறிவிடும்; என்னிடம் சொன்னால் ஏறாது. எனவே வீட்டை ஒட்டிய போர்டு அறையில், மேஜை மேல், காலை ஆட்டியபடி நான் உட்கார்ந்திருப்பேன். வரி, தெருவிளக்கு, சாக்கடை எல்லாம் என் வழியாகத்தான் போய் வந்தன. அந்தக் கர்வத்தில் பள்ளிக்கூட வாத்தியாரைக்கூடக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்த்தேன்.

அப்போதுதான் வாந்திபேதி வந்தது. பக்கத்து ஊரில் நான்கு பேரைக் கொண்டுபோய்விட்டது. தாலுகாவிலிருந்து டப்பாவில் மருந்து வந்தது. கிணறுகளில் கரைக்க வேண்டுமாம். எங்கள் தெருக் கிணற்றில் அப்பா கரைத்தபோது எட்டிப் பார்த்தேன். அடியில் கிடந்த வானம் மெல்ல மெல்லக் கத்தரிப்பூ நிறமானது. அவ்வளவு அழகான எதையும் அதுவரை நான் பார்த்ததில்லை.

வடக்குத் தெருவில் மருந்து கொண்டுபோனவர்களை விரட்டிவிட்டார்கள். ஓட்டுப் போடாத தெருவுக்குப் பிரசிடெண்ட் விஷம் வைக்கிறார் என்று பேச்சு. அன்றே அந்தத் தெருவில் ஒரு குழந்தை பேதியில் படுத்தது.

மத்தியானம் இருவரும் அறையில் உட்கார்ந்தார்கள். கூரை ஓட்டில் சாரல் விழும் சத்தம் மட்டும் கேட்டது. மாமா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு என்னிடம் ஆரம்பித்தார்.

“ஆத்தா, ஒங்கப்பாகிட்டச் சொல்லு. நாற்காலி கெடச்சதும் ஊருத் தண்ணிக்கே நெறம் மாத்தப் பாக்குறாகன்னு. எந் தெருவுல ஒருத்தன் வாளி எறக்க மாட்டான்.”

நீளமான வாக்கியங்கள் என் நினைவில் நிற்காது. வடக்குத் தெருவில் தண்ணீர் எடுக்க மாட்டார்களாம் என்று மட்டும் அப்பாவிடம் சொன்னேன்.

அப்பாவின் முகம் சிவந்தது. “அந்தத் தெருவுல வரிசையாப் பொணம் விழுந்தாத்தான் ஒங்க மாமாவுக்குப் புத்தி வரும்னு சொல்லு.”

அந்தச் சொல்லை என் வாயால் சொன்னால் நிஜமாகவே பிணம் விழுந்துவிடும் என்று எனக்குப் பயம். மாமா பக்கம் திரும்பி, “ஒங்க தெருவுல யாருக்கும் ஒண்ணும் ஆகிறக்கூடாதுன்னு அப்பா சொல்றாக” என்றேன்.

அப்பா என்னைத் திருத்தவில்லை. மூலையில் இருந்த கிளார்க் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“அதுக்கு நா என்ன செய்யணுமாம்? கேளு” என்றார் மாமா.

“அவுக மொதல்ல குடிச்சாத் தெரு குடிக்கும்னு சொல்லு” என்றார் அப்பா. இதை மட்டும் அப்படியே சொன்னேன்.

சாயங்காலம் மாமாவே முன்னால் நின்று தன் தெருக் கிணற்றில் மருந்தைக் கரைக்கச் செய்தார். மறுநாள் விடியலில் நிறம் வெளுத்து லேசான ரோஜாவாகியிருந்தது. தெருவே திரண்டு நின்றது. பிரசிடெண்டிடம் விலைபோய்விட்டார் என்று மாமாவின் ஆட்களே அவர் காதுபட முணுமுணுத்தார்கள். மாமா வாளியில் இறைத்து, கையில் ஏந்திக் குடித்தார். பிறகு சொம்பை நிரப்பி என்னிடம் நீட்டினார்.

“எதுத்தாப்புல நிக்கிறாகள்ல, அவுகளுக்குக் குடு.”

அப்பா ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார். அப்போதும் இருவரும் பேசவில்லை. அந்தக் குழந்தை பிழைத்துக்கொண்டது. வேறு யாரும் படுக்கவில்லை. அடுத்த தேர்தலில் மாமாவின் தெருவே மாமாவைத் தோற்கடித்தது. அப்பா ஜெயித்ததில் நான் குதித்தேன். அப்பா அன்று சாப்பிடவில்லை. ஏனென்று எனக்குப் புரியவில்லை.

இரண்டு பெரிய மனிதர்களை ஏமாற்றி ஒரு தெருவைக் காப்பாற்றியதாக நெடுங்காலம் எனக்குள் ஒரு ரகசியக் கர்வம் இருந்தது. இருவரும் போய்ச் சேர்ந்து பல வருஷம் கழித்து அந்த அறைக்குள் நுழைந்தேன். தர்பார் மண்டபம் போல நினைவில் இருந்த இடம், கையை விரித்தால் சுவர் தட்டும் அளவுதான். மேஜையின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் இரண்டு முழம் இருக்காது. அப்பா சொன்னது மாமாவின் காதில் விழாமல் இருந்திருக்க வழியே இல்லை. அதைக் கேட்ட பிறகும், அவர் நான் சொன்னதற்குத்தான் பதில் சொன்னார்.