ஆடி கழியட்டும் என்றிருந்தேன்

இங்கே அமெரிக்காவில், டல்லாஸ் பக்கத்துக் காப்பெல்லில், ஆடி மாதத்தில்தான் எல்லோரும் வீடு மாறுகிறார்கள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் புது வீட்டில் ஒழுங்காகிவிட வேண்டுமாம். நேற்றும் எதிர்வீட்டுக்கு முன்னால் ஒரு பெரிய டிரக் வந்து நின்றது. நூறு டிகிரியைத் தாண்டிய வெயிலில் சோபாவை இறக்கினார்கள். நாள் பார்க்கவில்லை, பால் காய்ச்சவில்லை. வேலை முடிந்ததும் பீட்சா வரவழைத்து வாசற்படியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம் ஊரில் சொல்வார்கள். அம்மியே பறக்கும்போது கிரீன் கார்டு எம்மாத்திரம்? என்னுடையது அப்படித்தான் பறந்தது. ஊரில் இருப்பவர்களுக்கு இந்தக் கதை சிரிப்பாக இருக்கும். இங்கே அந்தக் கார்டை வைத்திருப்பவர்கள், சிரித்து முடித்ததும் தங்கள் கார்டை ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருடத்துக்கு முன் ஓர் ஆடிக் கடைசியில், திண்டுக்கல்லில் என் தங்கை கோமதியின் ஸ்கூட்டரை வேன் ஒன்று தட்டிவிட்டது. இடுப்பெலும்பு முறிவு. பள்ளி அலுவலகத்தில் வேலை, தனி ஆள், என்னை விட்டால் யாருமில்லை. மறுநாளே விமானம் ஏறினேன். ரொம்ப நாள் வெளியே இருப்பதானால் கிளம்பும் முன்பே ரீ-என்ட்ரி பர்மிட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. ஒரு மாதத்தில் திரும்பிவிடலாம் என்றுதான் கணக்கு. ஓர் அறுவை சிகிச்சை இரண்டானது, புண்ணில் சீழ் வைத்து மூன்றானது. அடுத்த ஆனியில்தான் கோமதி கம்பை ஊன்றி வாசல்வரை நடந்தாள்.

ஒரு வருடம் தாண்டினால் கார்டு செல்லாது என்று என் கணவர் செல்வம் ஆடி நடுவுக்கு டிக்கெட் போட்டார். நான் அமெரிக்காவை விட்டுக் கிளம்பி ஒரு வருடமாக அப்போது இன்னும் இரண்டு வாரம் இருந்தது. கோமதி பிடித்துக்கொண்டாள்.

“ஆடியில கிளம்பாதக்கா. போன ஆடியில நான் பட்டது போதாதா? ஆவணி பொறக்கட்டும்.”

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கும் உள்ளுக்குள் அதே பயம்தான். டிக்கெட்டை ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு மாற்றினேன். ஒரு வருடத்துக்கு மேல் ஒன்பது நாள். பன்னிரண்டு வருடம் அங்கே குடியிருந்தவளிடம் ஒன்பது நாளையா எண்ணப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

எண்ணினார்கள். சென்னை விமான நிலையத்தில், செக்-இன் கவுன்ட்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் புரட்டி முத்திரையைப் பார்த்தாள்.

“மேம், ஒரு வருஷத்துக்கு மேல வெளிய இருந்திருக்கீங்க. இந்தக் கார்டை வெச்சு போர்டிங் தர முடியாது.”

“ஒம்போது நாள்தானம்மா?”

“ஒரு நாளா இருந்தாலும் அதேதான் மேம்.”

எடை போட்ட பெட்டிகளைத் திரும்பத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். காப்பெல்லில் பன்னிரண்டு வயது மகள் நிலா, அம்மா நாளைக்கு வருகிறாள் என்று காத்திருந்தாள்.

இதற்கு ஒரு வழி உண்டு. வேண்டுமென்றே தங்கவில்லை, நம் கையை மீறிய காரணம் என்று தூதரகத்தில் நிரூபித்தால், திரும்பி வரும் குடியிருப்பாளர் என்று விசா தருவார்கள். வரிக் கணக்கு, டேகேரில் நான் பார்த்த வேலைக்கான கடிதம், ஆஸ்பத்திரிக் காகிதக் கட்டு எல்லாம் சேர்த்தோம். ஆஸ்பத்திரிக் காகிதம் ஆனியோடு நின்றுவிட்டதுதான் சிக்கல். செல்வத்தின் நண்பர் மூர்த்தி டல்லாஸிலிருந்து கூப்பிட்டார்.

“சிம்பிள் சிஸ்டர். ஆடியில தங்கச்சிக்கு மறுபடி சீரியஸ் ஆயிடுச்சுன்னு டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிடுங்க. யாரு வந்து செக் பண்ணப்போறா?”

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த கோமதி, “நல்லா எழுதட்டும். நான் திரும்பப் போய்ப் படுத்துக்கறேன்” என்றாள். சிரித்தாலும் அவள் கை கம்பை இறுக்கிப் பிடித்தது. இப்போதுதான் எழுந்து நடப்பவளைப் படுக்கையில் கிடப்பதாக எழுதி, கையெழுத்தும் வாங்கி வைத்து, அது பலித்துவிட்டால்? நான் அந்தக் கடிதத்தை வாங்கவில்லை. நேர்மை என்று யாரும் என்னைப் புகழ வேண்டாம். ஆடிக்குப் பயந்த அதே மனசுதான் இதற்கும் பயந்தது.

தூதரகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் இளம் அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒருவர்.

“உங்கள் தங்கை ஜூனிலேயே நடக்கத் தொடங்கிவிட்டார். ஜூலை டிக்கெட்டை ஏன் மாற்றினீர்கள்?”

“அது ஆடி மாசங்க. பயணம் போகமாட்டோம்.”

அதிகாரி யோசித்துவிட்டு ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பவர் சங்கடத்தோடு என்னைப் பார்த்தார். “அந்த மாசத்துல விமானம் ஓடாதான்னு கேக்கறாங்கம்மா.”

“விமானம் ஓடுங்க. நான்தான் ஓடல.”

அவர் சிரித்துவிட்டார், அதிகாரிக்கு அதை எப்படிச் சொன்னாரோ தெரியாது. அதிகாரி வெகுநேரம் தட்டச்சு செய்தார். பிறகு, பொறுமையாகத்தான் சொன்னார்: அது உங்கள் விருப்பம், உங்கள் கையை மீறிய காரணம் அல்ல. விசா இல்லை. பயம் யார் கையில் இருக்கிறது என்று அவரிடம் கேட்க நினைத்தேன். அதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

செல்வம் ஏற்கெனவே அமெரிக்கக் குடிமகன். நான்தான் இந்தியப் பாஸ்போர்ட்டை விட மனசில்லாமல் அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று தள்ளிப்போட்டிருந்தேன். அவர் எனக்காகப் புதிதாக மனுப் போட்டார், புது மணப்பெண்ணுக்குப் போடுவதுபோல. கல்யாண ஆல்பத்தைக்கூடக் கேட்டார்கள். ஒன்றரை வருடம் ஓடியது. அதற்குள் நிலா பெரியவளானாள். அதை அவள் அப்பா ஃபோனில், வார்த்தை கிடைக்காமல், எனக்குச் சொன்னார். நான் கோமதியின் அடுப்படியில் நின்றபடி கேட்டுக்கொண்டேன்.

இந்தப் பங்குனியில் டல்லாஸில் வந்து இறங்கினேன். முன்பெல்லாம் ‘வெல்கம் ஹோம்’ என்று சொல்லி முத்திரை குத்துவார்கள். இந்த முறை ‘வெல்கம் டு அமெரிக்கா’ என்றார் அதிகாரி. சில வாரம் கழித்துப் புதுக் கார்டு தபாலில் வந்தது. குடியிருக்கத் தொடங்கிய நாள் என்று இந்தப் பங்குனித் தேதியைப் போட்டிருந்தார்கள். பழைய பன்னிரண்டு வருடம் அதில் இல்லை. நிலா அதை வாங்கிப் பார்த்தாள்.

“மாம், நீ இப்பதான் வந்திருக்க. ஐ ஹேவ் பீன் ஹியர் ஃபோர்ட்டீன் இயர்ஸ். எனி டவுட்ஸ், ஆஸ்க் மீ.”

“ஆமாண்டி, நீதான் எனக்கு சீனியர்” என்றேன்.

அன்று சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. கை தானாக நீண்டது. உப்பு அங்கே இல்லை.

“நிலா, உப்பு எங்கடி?”

“செகண்ட் ஷெல்ஃப், லெஃப்ட் சைட்.” அவள் தலையைக்கூடத் திருப்பவில்லை.

அந்த நேரம் பார்த்துத் திண்டுக்கல்லிலிருந்து கோமதி ஃபோனில் கூப்பிட்டாள். “அக்கா, சோம்பு டப்பாவை எங்கக்கா வெச்ச? அரை மணி நேரமா தேடறேன்.”

“அரிசி டின்னுக்குப் பின்னால, மூடி உடைஞ்ச டப்பா” என்றேன். கண்ணை மூடிக்கொண்டே சொல்ல முடிந்தது.