தும்மிய பிணம்

ஸ்கூடாயில் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகள் வீடியோவில் ஒரு படம் போட்டாள். விருந்துக்கு அழைத்த பணக்காரர் சூப்புக் கிண்ணத்திலேயே முகம் கவிழ்ந்து செத்துப்போகிறார். வந்தவர்கள் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டு மேசைக்கடியில் ஒளிகிறார்கள். வீடே சிரித்தது. நான் மட்டும் பிணத்தின் மூக்கு அசைகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொலைப்படத்தில் நாம் சிரிக்க முடிவதற்குக் காரணம், செத்தவர் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கப் போவார் என்று தெரிந்திருப்பதுதான். அனுபவத்தில் சொல்கிறேன், ஐயா. நானே ஒரு காலத்தில் பிணமாக இருந்தவன்.

சிரிக்காதீர்கள். இங்கே ஜப்பான்காரன் ஆண்ட காலம். யோங் பெங் பக்கத்தில் நாங்கள் வேலை செய்த ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு நின்றுபோய், மரவள்ளிதான் மூன்று வேளையும். பயத்திலேயே பாதி செத்திருந்தோம். ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்டுக்கொண்டிருந்த மருதப்பன் அண்ணன்தான், "சிரிச்சு எத்தன நாளாச்சு! நாடகம் போடுவோம் லா" என்று கிளப்பிவிட்டார்.

பண்ணையாரைக் கொன்றது யார் என்பது கதை. சந்தேகத்துக்கு மூன்று பேர், துப்பறிகிறவர் அண்ணன். எவன் பொய் சொன்னாலும் பிணம் தும்மும். எனக்கு நடிப்பு சுட்டுப்போட்டாலும் வராது, அதனால் பிண வேடம். தும்மல் அசலாக இருக்க அண்ணனே என் மூக்கில் பொடியைத் திணிப்பார். கொலைகாரன் யார் என்பதை மட்டும் எங்களுக்கே சொல்லவில்லை. "தெரிஞ்சா மூஞ்சில காட்டிடுவீங்கடா" என்பார். எவ்வளவோ கெஞ்சினோம், மனுஷன் வாயைத் திறக்கவில்லை.

ஒருநாள் காலை ஒத்திகையில் பாயில் படுத்திருக்கிறேன், மூக்கில் பொடி. லாரிச் சத்தம் கேட்டது. ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கிற லாரி. எழப்போன என்னை அண்ணன் காலால் அழுத்தி, சாக்கை இழுத்து முகத்தை மூடினார்.

"அசையாதடா."

சிப்பாயின் பூட்ஸ் சத்தம் என் தலைமாட்டில் நின்றது. அண்ணன் அழுகிற குரலில் மலாயில் சொன்னார்: "சுடா மாத்தி, துவான். கோலரா." செத்துட்டான் ஐயா, காலரா. பூட்ஸ் சட்டென்று பின்வாங்கித் திரும்பி நடந்தது.

அப்போது பார்த்துத் தும்மல் வந்தது. உதட்டைக் கடித்தேன், மூச்சை அடக்கினேன், தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். அடக்குகிற சமாச்சாரமா அது? வந்தேவிட்டது. அதே நொடி அண்ணன் தானும் லயத்து வீடுகளே அதிரத் தும்மினார். பூட்ஸ் திரும்பி வந்தது. பளாரென்று ஓர் அறை. அது அண்ணனுக்கு விழுந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நொடியில் எனக்கு வந்தது நிம்மதிதான்.

"இவ்ளோ பலமா தும்முறவன் கட்டை தூக்குவான்னு சொல்றாரு. எல்லாரும் ஏறுங்க" என்றது கூட வந்த மொழிபெயர்ப்பாளனின் குரல்.

அண்ணனோடு நடிக்க வந்த மூவரையும் சேர்த்து நான்கு பேரையும் ஏற்றினார்கள். லாரி கிளம்பும்போது அண்ணன் ஒப்பாரி வைப்பதுபோல் தமிழில் கத்தினார்: "நான் வர்ற வரைக்கும் பொணத்த எடுத்துடாதீங்க! முடிவு எங்கிட்டதான் இருக்கு!" லாரியில் எவனோ அந்த நிலையிலும் சிரித்துவிட்டான். சாக்குக்கடியில் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

நால்வரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. நான் தும்மாமல் இருந்திருந்தால் அந்த பூட்ஸ் போயே போயிருக்கும். எத்தனை வருடமாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். லயமும் புகைக்கூடமும் போய், அங்கே எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கிறது. அந்த நாடகத்தைத் தெரிந்தவன் இன்று நான் ஒருவன்தான், எனக்கும் முடிவு தெரியாது.

"மாமா, எங்க போறீங்க? கொலைகாரன் யாருன்னு இப்ப சொல்லப் போறாங்க, உக்காருங்க" என்றாள் மருமகள்.

நான் வாசலுக்கு வந்துவிட்டேன். எனக்குச் சொல்லவேண்டியவர் இன்னும் வரவில்லை. பிணத்தையும் இன்னும் யாரும் எடுக்கவில்லை.