ஃபிரிட்ஜுக்குள் ஒரு சாவி

அவளை எல்லோரும் 'உஷ்' என்றுதான் கூப்பிடுவார்கள். சினிமாவில் ஒலிப்பதிவு செய்கிறவள். வாயைத் திறந்தால் பாதி நேரம் அந்த ஒரு சொல்தான் வரும். அக்காவின் பிள்ளைகளுக்கு அவள் உஷ் சித்தி. கையில் காசில்லாமல் படம் எடுக்கத் துணிகிறவர்கள் முதலில் அவளைத்தான் தேடி வருவார்கள். கதவுகளில் கம்பளியைத் தொங்கவிட்டு எதிரொலியை அடக்குவாள். நடிகர்களின் செருப்புக்கடியில் துணி ஒட்டுவாள். மேல்வீட்டில் சுவரைத் துளைக்கிறவரிடம் சிரித்துப் பேசியே வேலையை நிறுத்திவிட்டு வருவாள். தன் காதுமேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. கொஞ்சம் கர்வம் என்றும் சொல்லலாம். இருந்துவிட்டுப் போகட்டும், திறமை இருக்கிறதே.

இந்தப் படத்துக்கு வீடு வாடகைக்கு எடுக்க வழியில்லை. அக்காவின் கையைக் காலைப் பிடித்து அவள் வீட்டுச் சமையலறையைக் கேட்டு வாங்கினாள். ஃபிரிட்ஜ் ஓடினால் அந்த உறுமல் வசனத்துக்கடியில் வந்து உட்கார்ந்துகொள்ளும், பிறகு யார் வந்தாலும் பிரித்தெடுக்க முடியாது. அதனால் முதல் நாள் அதை அணைத்தாள். காட்சி நன்றாக வந்த சந்தோஷத்தில் அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டாள். வீட்டில் அன்று யாரும் இல்லை. ஊரிலிருந்து திரும்பிய அத்தான், அதாவது அக்காவின் கணவர், ஃபிரிட்ஜைத் திறந்தபோது மீன், பால் எல்லாம் நாறிக்கிடந்தன.

அத்தான் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா, உங்க படத்த வேற எங்கயாவது வச்சுக்கோங்க," என்றார். படத்தின் முடிவே அந்தச் சமையலறையில்தான் நடக்கிறது. வேறு இடத்தில் எடுத்தால் முன்பு எடுத்ததோடு ஒட்டாது. அத்தான் கதவைச் சாத்தினால் படம் முடிவில்லாமல் நின்றுவிடும்.

அடுத்த முறை ஃபிரிட்ஜை அணைத்த கையோடு தன் ஸ்கூட்டர் சாவியை உள்ளே, பால் பாக்கெட்டின்மேல் வைத்தாள். ஃபிரிட்ஜைத் திறக்காமல் வீட்டுக்குப் போக முடியாது, திறந்தால் ஞாபகம் வந்துவிடும். அந்தத் தொழிலில் இருப்பவர்களின் தந்திரம் அது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருக்கலாம்.

மத்தியானம் தண்ணீர் எடுக்க வந்த அத்தானின் கண்ணில் சாவி பட்டது. பாவம், வேலை மும்முரத்தில் எதை எங்கே வைக்கிறோம் என்றே இந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை என்று நினைத்து, எடுத்து வாசல் ஆணியில் மாட்டிவிட்டார். நல்ல மனசுதான், என்ன செய்வது.

சாயங்காலம் இரண்டு தோளிலும் பெட்டிகளோடு கிளம்பியவளிடம் டைரக்டர் சாவியை நீட்டினார், வாசலில் தொங்கியதாம். வாங்கிக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

தெருவில் ஹெல்மெட்டை மாட்டியதும் சத்தமெல்லாம் அடங்கியது. அப்போதுதான் உறைத்தது. வீட்டுக் கதவைச் சாத்தும்போது உள்ளேயிருந்து ஒரு உறுமல் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஹெல்மெட்டோடு படியேறி ஓடினாள்.

கதவைத் திறந்த அத்தானைத் தாண்டிப் போய் சுவிட்சைப் போட்டாள். ஃபிரிட்ஜ் ஒரு குலுங்கு குலுங்கி ஓடத் தொடங்கியது. அவளுக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. பிறகு சாவி உள்ளே இருந்த காரணத்தைச் சொன்னாள்.

அத்தான் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். "எடுத்து மாட்டினதே நான்தான். எல்லாம் கெட்டுப்போயிருந்தா உன்னத்தான் திட்டியிருப்பேன்."

"திட்டினா வாங்கிக்கலாம் அத்தான். படம் போயிருக்கும்."



மறுநாள்தான் கடைசிக் காட்சி. காலையில் அவள் வந்தபோது அத்தான் ஆபீஸ் சட்டையோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார், கால் நகரும் சத்தம்கூட இல்லாமல். கிளம்பவில்லையா என்று கேட்டாள். வேலை முடியட்டும் என்று கையைக் காட்டினார். அவள் ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு, சாவியை வைக்கத் திறந்தாள்.

பால் பாக்கெட்டின்மேல் ஏற்கெனவே ஒரு சாவி இருந்தது. அத்தானின் பைக் சாவி.

தன்னுடையதை அதன் பக்கத்தில் வைத்து, சத்தம் வராமல் மூடினாள்.