மூணாவது வேளாங்கண்ணி

"சர்வேசுரனுக்கு என்ற பேரு நெனப்பில்லீங்க. குடுக்கறதையெல்லாம் மத்த ரெண்டு வேளாங்கண்ணிக்குக் குடுத்துப்போட்டு, எடுக்கறதுக்கு மட்டும் என்ற ஊட்டுக்கு வாராரு!"

குழாயடியோ மாதா கோயில் வாசலோ, எங்கே பிடித்தாலும் இதையேதான் சொல்வாள். எருமப்பட்டிப் பக்கம் எங்கள் தெருவில் அப்போது மூன்று வேளாங்கண்ணிகள். ஒருத்தி டீச்சர், ஒருத்தி பால்காரி. கடலைக்காட்டில் கூலிக்குப் போன இவளுக்குத் தெரு வைத்த பேர் சண்டைக்காரி.

சண்டை ஐம்பத்தாறாம் வருஷம் தொடங்கியது. இவளுடைய ஒரே மகள் இன்பமேரி காய்ச்சலில் கிடந்தாள். "வேளாங்கண்ணி மகளுக்காக" என்று கோயிலில் வேண்டினார்கள். அதே வாரம் பால்காரி மகளுக்கும் காய்ச்சல். அது பிழைத்துக்கொண்டது. இன்பமேரி போய்விட்டாள்.

"வேண்டுதல் ஊடு மாறிப் போச்சு! என்ற புள்ளைக்கு வந்ததைத் தின்னுப்போட்டுத்தான் இவ மக நிக்கறா!"

பால்காரி சும்மா இருப்பாளா? "பெத்தவ வாயி இப்படி இருந்தா எந்தச் சாமி அந்த ஊட்டுப் பக்கம் வரும்?" என்று இழுத்து இழுத்துச் சொன்னாள். அதன்பின் ஏழு வருஷம் பூசையில் நன்மை அப்பம் வாங்கக்கூட இருவரும் பக்கத்துப் பக்கத்தில் முழந்தாளிட்டதில்லை.

அறுபத்துமூன்றில் சண்டைக்காரி படுத்துவிட்டாள். பத்து நாளாய்க் கண் திறக்கவில்லை. சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் அவஸ்தை எண்ணெயைப் பூசிவிட்டும் போனார். மறுநாள் காலை பஸ்ஸை விட்டு இறங்கிய ஒருவர், "வேளாங்கண்ணி போய்ச் சேந்துட்டாங்க" என்றார். கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் செபஸ்தியான் மேலே எதுவும் கேட்கவில்லை. துக்க மணி அடித்தார், குழி வெட்டச் சொன்னார், சிலுவையும் சவப்பெட்டியுமாய் இவள் வீட்டு வாசலில் வந்து நின்று மூக்கால் செபம் தொடங்கினார். முந்திக்கொண்டு உள்ளே ஓடி ஒப்பாரி வைத்தவள் பால்காரி.

கட்டிலில் இவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங் உபதேசியாரே, பொட்டி ஆருக்குங்க?"

செபம் பாதியில் நின்றது. செத்தது, சேலத்துக்கு மகன் வீட்டுக்குப் போயிருந்த டீச்சர்.

இனி ஒரு வருஷத்துக்குத் திட்டுவாள் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவளோ பெட்டியைக் காட்டிச் சொன்னாள்:

"உபதேசியாரு மாத்திப்போட்டாரு. ஊரே மாத்திப்போட்டுது. சர்வேசுரன் மாத்துலியே! அப்ப என்ற இன்பமேரியையும் ஆளு தெரிஞ்சேதான் கூட்டிட்டுப் போயிருக்காரு..."

அழுதாள். மகள் போன அன்றுகூட அவள் அப்படி அழுததில்லை என்று பால்காரி சொன்னாள். அன்றோடு அந்தப் புலம்பல் நின்றது. சண்டை நிற்கவில்லை. தேறியதும் முதல் வேலையாக, அடித்த மணியைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி உபதேசியாரைத் தெருத் தெருவாய் விரட்டினாள்.

அறுபத்தெட்டில் நிஜமாகவே படுத்தாள். கஞ்சி ஊற்ற வந்த பால்காரி கேட்டாள்: "ஏண்டி, மோட்ச வாசல்ல எந்த வேளாங்கண்ணின்னு கேட்டா என்னடி சொல்லுவ?"

"அவரு எதுக்குடி கேக்கறாரு? அவருக்குத்தான் என்னத் தெரியுமே! கேக்கப்போறது நானாக்கும்: என்ற புள்ளைய எங்க உக்கார வெச்சிருக்கீங்க, தலைகிலை சீவி உட்டீங்களா இல்லியான்னு. நீ மொதல்ல போயி உன்ற எருமையப் புடிச்சுக் கட்டு, என்ற கூரையத் தின்னுக்கிட்டு நிக்குது!"