தலைவர் கால் வைத்த கண்ணாடிக் கோலம்

தனபாக்கியம் விடியற்காலையில் போடும் கோலம் எட்டு மணி வரை அழியாமல் இருந்தால் அது அதிசயம். பலாங்கொடை மலையில் மழைக்கு நேரம் காலம் கிடையாது. அவள் மாவை எடுத்தால்தான் மழையே வருகிறது என்று தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துப் பெண்கள் கேலி செய்வார்கள். கித்துல்கல ரப்பர் தோட்டத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். கேலியைச் சிரித்தபடி வாங்கிக்கொள்வாள்.

ஒன்றை மட்டும் அவளால் விட முடியவில்லை. திருவிழாவில் அம்மன் பல்லக்கு லயத்துக்கு ஒரு வாசலில்தான் நிற்கும். அவர்கள் லயத்தில் அது எப்போதும் திருவிழாவை நடத்தும் தோட்டத் தலைவர் சன்னாசியின் வாசல். கடைசி வீடான ஒற்றைக் காம்பராவில் இருக்கும் தனபாக்கியம் கழுத்தை நீட்டிப் பார்ப்பதற்குள் அம்மன் திரும்பிவிடுவாள். அழியாத கோலம் ஒன்று இருந்தால், அதைப் பார்த்தாவது அம்மன் தன் வாசலுக்கு வரமாட்டாளா என்று அவளுக்கு ஓர் ஆசை.

பழைய போத்தலும் பேப்பரும் வாங்க டவுனிலிருந்து வருகிறவர் புவாட். சாக்கில் உடைந்துபோனதை எல்லாம் ரோட்டு முடக்கில் கொட்டிவிட்டுப் போவார். அதைத் தனக்குத் தரச் சொல்லிக் கேட்டாள்.

"உடஞ்ச போத்தலக் கேட்ட ஒரே ஆள் நீதான் தங்கச்சி" என்றார் அவர். அடுத்த முறை ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்தார்.

கொழுந்து பறித்துவிட்டு வந்ததும் தனபாக்கியம் கல்லோடு உட்கார்ந்துவிடுவாள். தண்ணீர் தெளித்துத் தெளித்து, ஓரம் விரலில் பிடிக்காத அளவுக்கு ஒவ்வொரு துண்டையும் தேய்த்தாள். சாராயப் போத்தல் வெள்ளை, பியர் போத்தல் மண்ணிறம், சோடாப் போத்தல் பச்சை. நீலம்தான் கிடைக்கவில்லை. கடைசியில் தோட்டத்து ஆஸ்பத்திரிக் குப்பையில் ஒரு மருந்துப் போத்தல் அகப்பட்டது.

வாசலில் இரண்டு பூப்பாத்திகளுக்கு நடுவே மண்ணை இறுக்கினாள். கக்கூஸ் கட்டி மிஞ்சிய சீமெந்தைக் குழைத்துப் பூசி, ஈர்க்குச்சியால் தாமரைக் கோலம் கீறி, துண்டுகளை ஒவ்வொன்றாக அழுத்தினாள். நடுவில் நீலம். முழுப் போத்தல்களைத் தலைகீழாக நட்டுப் பாத்திக்கு வரப்பும் வைத்தாள். சாராயப் போத்தல்களில் தன் பங்கும் உண்டு என்று அவள் புருஷன் மாடசாமி பெருமைப்பட்டுக்கொண்டான்.

வெயில் பட்டதும் வாசல் பற்றிக்கொண்டதுபோல் மின்னியது. எல்லா லயத்துச் சனமும் வந்து பார்த்தது. சன்னாசியும் வந்தார். இந்த வருஷம் பல்லக்கைத் தன் வாசலில் நிறுத்தச் சொல்லி அவள் அவரிடமே கேட்டாள்.

"வெறுங்காலோட தூக்குறவங்கள கண்ணாடியில நிக்கச் சொல்றியா?"

"வருஷா வருஷம் தீ மிதிக்கிறீங்க தலைவரே. இதுக்கா பயம்?"

கூட்டம் சிரித்தது. சன்னாசி சிரிக்கவில்லை. "தீ அம்மாவோடது. இது சாராயத் தவறணையோடது. சாராயப் போத்தல் மேல அம்மா நிப்பாளா?"

"அந்தப் போத்தலக் காலி பண்ணினவங்க தோள்லதானே அம்மா வர்றா?"

பல்லக்குத் தூக்கும் நாலு பேரும் வேறு பக்கம் பார்த்தார்கள். மாடசாமி மரத்தைப் பார்த்தான். தலைவர் மட்டும் முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று ராத்திரி முழுக்க அவள் யோசித்துக்கொண்டே படுத்திருந்தாள். ஆசைப்பட்டது பிழையா, கேட்ட விதம்தான் பிழையா என்று தெரியவில்லை.

திருவிழா அன்று பொழுது சாயும்போது பல்லக்கு வந்தது. கூடவே மழையும் வந்தது. சன்னாசி வீட்டு வாசல் சேறாகிப் போயிருந்தது. முன்னால் தூக்கியவன் வழுக்கினான், பல்லக்குச் சாய்ந்தது, பெண்கள் வாயில் கை வைத்தார்கள். மாடசாமி ஓடிவந்து அவன் இடத்தில் தோள் கொடுத்து நிமிர்த்திவிட்டு, யாரையும் கேட்காமல் கடைசிக் காம்பராப் பக்கம் திரும்பினான். மற்ற மூவரும் அவன் பின்னால் போகாமல் வேறு என்ன செய்வது?

மழை கழுவிய கோலத்தில் எட்டுக் கால்களும் ஊன்றி நின்றன. ஒரு காலும் வழுக்கவில்லை, ஒரு காலிலும் கீறல் படவில்லை. பல்லக்கு அசையாமல் நின்றது. தனபாக்கியம் கற்பூரத்தை ஏற்றினாள். மழையில் அது அணைந்தது. மறுபடி ஏற்றினாள்.

சன்னாசி ஓரத்துச் சேற்றில் கணுக்கால் வரை புதைந்து நின்றார். அம்மனுக்குத் தீபம் காட்ட வேண்டியவர் அவர்தான். அங்கிருந்து எட்டவில்லை.

"அந்த நீலம் எந்தப் போத்தல்?" என்று மெல்லக் கேட்டார்.

"ஆஸ்பத்திரி மருந்துப் போத்தல்ங்க, தலைவரே."

அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்தார். வெள்ளையையும் மண்ணிறத்தையும் ஒரே எட்டில் தாண்டி, நடுவில் இருந்த அந்தக் கையகல நீலத்தில் இரண்டு பாதங்களையும் ஒடுக்கி வைத்து நின்று, அவள் கையிலிருந்து தீபத்தை வாங்கிக்கொண்டார்.